சிவப்புத் தண்ணீர்

சாலையின் குறுக்கே ஒரு மரம் கிடந்தது. காற்றில் சாய்ந்த மரம் அல்ல. யாரோ வெட்டிப் போட்டது. வெட்டுவாயில் பால் இன்னும் காயவில்லை. வண்டியை நிறுத்தினேன். புதருக்குப் பின்னாலிருந்து ஏழெட்டு ஆட்கள் எழுந்து வந்தார்கள். எல்லார் கையிலும் கரும்பு வெட்டுகிற கத்தி. டிரைவர் வேலைக்கு வருமுன் பல வருடம் நானும் அந்தக் கத்தியைப் பிடித்தவன்தான். அது என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கண்ணாடியை இறக்கச் சொன்னார்கள். இறக்கினேன். பின்சீட்டில் இருந்த இரண்டு பெண்களையும் ஒருவன் குனிந்து பார்த்தான். மெலிஃபாவை அவனுக்குத் தெரியும். மாவட்ட ஆபீசில் வேலை, கூட்டங்களில் மொழிபெயர்ப்பவள். மற்றவளைத் தெரியாது. பருத்த உடம்பு, பழுப்பு நிறம், நீளமான நேர்முடி, காலில் ரப்பர் செருப்பு.

"யாரு இது? சீனாக்காரியா?"

"தீவுக்காரங்க அண்ணே," என்றேன். "கடலுக்கு நடுவுல ஊராம். வெள்ளத்துக்குத் திட்டம் போட வந்திருக்காங்க."

"வெள்ளத்துக்கா, ரத்தத்துக்கா?"

அவன் சிரிக்கவில்லை. நான் சிரித்து வைத்தேன். பையைத் திறக்கச் சொன்னான். உள்ளே கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குழாய், பாம்பு மாதிரிச் சுருண்டு கிடந்தது. கொத்தனார் மட்டம் பார்க்கிற குழாய் என்றாள் மெலிஃபா. அவன் அதை முகர்ந்து பார்த்தான். வெறும் குழாய். பின்னால் நின்ற ஒருவனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. ஒரே கரும்புக்காட்டில் வேலை செய்திருக்கிறோம். "ஜைலோசி தானே, சிபூலா ஊரு மாப்பிள்ள, விடுங்கடா" என்றான். மரத்தை நகர்த்தினார்கள்.

அக்டோபரிலிருந்தே மலாவியின் ஷிரே ஆற்றின் கீழ்க்கரை முழுக்க இந்தப் பேச்சுதான். ரத்தம் உறிஞ்சுகிறவர்கள் வருகிறார்களாம். தூங்குகிறவனுக்கு மயக்கம் போட்டு, குழாய் வைத்து உறிஞ்சி, எங்கோ கொண்டுபோய் விற்கிறார்களாம். விடிந்து எழுந்தால் தலை சுற்றுகிறது, கால் துவள்கிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பசிக்காலத்தில் யார்தான் தெம்பாக எழுந்திருக்கிறார்கள்? தானியம் தீர்ந்து, குளத்து அல்லிக்கிழங்கைத் தோண்டித் தின்கிற மாதங்கள் இவை. ஆனால் இதை வாய்விட்டுச் சொன்னால் சொன்னவனே உறிஞ்சுகிறவனின் கூட்டாளி. பக்கத்து மாவட்டத்தில் ஒரு வண்டியை எரித்திருந்தார்கள். இந்த மக்களை முட்டாள்கள் என்று நான் சொல்லமாட்டேன். எங்களிடமிருந்து எதையெல்லாமோ எடுத்துக்கொண்டு போனவர்கள் எல்லாரும் வண்டியில்தான் வந்தார்கள்.

தீவுக்கார அம்மாவின் பெயர் தபேரா. எங்கள் மலாவியைப் போல ஏழை நாடு ஒன்றைச் சேர்ந்தவள். இப்படிப்பட்ட நாடுகளிலிருந்தே ஆட்களைப் பொறுக்கி ஒரு நிபுணர் குழு வைத்திருக்கிறார்களாம். வெள்ளம், வறட்சி, புயலுக்கு எப்படித் தயாராவது என்று மற்ற ஏழை நாடுகள் திட்டம் போடும்போது இவர்கள் போய் உதவ வேண்டும். "உங்க நாட்டுல உசரமான எடம் எது?" என்று வழியில் மெலிஃபா கேட்டதற்கு, "தென்னமரம்" என்றாள். கேட்டவுடன் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

எங்கள் மாவட்டத்துத் திட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. வெள்ளம் வந்தால் எந்த ஊர் எங்கே ஓடுவது என்று வரைபடத்தில் புள்ளி வைத்திருந்தார்கள். புள்ளி வைத்த இடத்தில் மேடை எழுப்பிப் பெரிய கட்டடம் வரும். சிபூலாவுக்குப் பள்ளிக்கூடத்தில் புள்ளி. தபேரா அதைச் சரிபார்க்க வந்திருந்தாள்.

சிபூலா என் மனைவியின் ஊர். டோலியாவும் எங்கள் இரண்டு பெண்களும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் வாரத்துக்கு ஒருநாள் போய் வருகிறவன். போன மார்ச் மாதப் புயலில் ஊரே அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் ஓடியது. தண்ணீர் ஜன்னல் வரை வந்து, ஒரு சுவர் உட்கார்ந்துவிட்டது. டோலியா இரண்டு பெண்களையும் மாமரத்தில் ஏற்றி, தன் இடுப்புத் துணியால் கிளையோடு சேர்த்துக் கட்டிவிட்டு, அவர்களுக்குக் கீழே நின்றாள். படகு வரும் வரை அப்படியே. மழை பெய்தால் சின்னவள் தியாமிகே இப்போதும் பேசமாட்டாள். நின்ற பிறகுதான் வாய் திறப்பாள். டோலியாவுக்கு இப்போது ஆறு மாதம். பிப்ரவரியில் பிரசவம். வெள்ளமும் பிப்ரவரி, மார்ச்சில்தான் வரும். பச்சைப்பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் எங்கே ஏறுவாள் என்பதுதான் எனக்குக் கவலை. வேறெந்தத் திட்டமும் என் மண்டையில் இல்லை.

ஏறுவதற்கு ஒரு இடம் இருந்தது. அது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துக்குத் தெற்கே ஒரு பெரிய மேடு. மேட்டின்மேல் வெயில் நுழையாத தோப்பு. அதற்குள் ஊரின் இடுகாடு. அங்கே யாரும் விறகு பொறுக்கமாட்டார்கள், விரல் நீட்டிக் காட்டமாட்டார்கள். குழிவெட்டிகளின் சொல் இல்லாமல் உயிரோடு இருப்பவன் கால் வைக்கமாட்டான். வெளியாளிடம் அப்படி ஒரு இடம் இருப்பதாகவே சொல்லமாட்டார்கள். அதனால்தான் திட்டக்காரர்கள் முதல்முறை வந்து "வெள்ளம் வந்தா எங்க போவீங்க?" என்று கேட்டபோது ஊர் பள்ளிக்கூடத்தைக் காட்டியது. பள்ளிக்கூடத்தைச் சொன்னால் சுவராவது கட்டித் தருவார்கள்.

நான் சொல்லியிருக்கலாமே என்றால், முடியாது. மாப்பிள்ளை என்பவன் எங்கள் பக்கம் வந்துபோகிற ஆள். பிள்ளைகள் மனைவியின் அண்ணனுக்குக் கட்டுப்பட்டவர்கள். ஊர்க் கூட்டத்தில் நான் ஓரமாக உட்கார்ந்து, கேட்டால் மட்டும் வாய் திறக்க வேண்டும். யாரும் கேட்கமாட்டார்கள். அதிலும் டோலியாவின் அண்ணன் சைசிதான் குழிவெட்டிகளுக்குத் தலைவன்.

பள்ளிக்கூடத்து அத்தி மரத்தடியில் கூட்டம் நடந்தது. ஊர்த்தலைவர் ம்பேத்தா நாற்காலியில், மற்றவர்கள் தரையில். தபேரா வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்றை விரித்தாள். பள்ளிக்கூடத்தைக் காட்டினாள், ஆற்றைக் காட்டினாள். பிறகு கரும்பச்சையாக இருந்த ஒரு திட்டின்மேல் விரலை வைத்து, "இது உயரமாத் தெரியுதே, என்ன எடம்?" என்றாள்.

விரல் அங்கேயே இருந்தது. பெண்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு கிழவர் அங்கே தேனீ ஜாஸ்தி என்றார். மெலிஃபா அதையும் மொழிபெயர்த்தாள். தபேராவுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். விரலை எடுத்துவிட்டு, தலைவரைப் பார்த்து மெதுவாகப் பேசினாள். உள்ளே கால் வைக்கமாட்டேன், விளிம்பு வரைக்கும் மட்டம் பார்த்தால் போதும், பள்ளிக்கூடம் நல்ல இடமா இல்லையா என்று உங்கள் கண்ணாலேயே தெரியும் என்றாள். சைசி பக்கத்து ஊருக்குக் குழி வெட்டப் போயிருந்தான். அவன் வரட்டும் என்றுதான் தலைவர் முதலில் சொன்னார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மரம் வெட்டிப்போட்ட சாலையில் இருட்டிய பிறகு திரும்ப முடியாது. தலைவர் தொண்டையைச் செருமி, விளிம்பு வரைக்கும்தான் என்றார்.

குழாயில் ஊற்றத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அப்போதுதான் தபேரா கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். கடைகளில் விற்குமே, குழந்தைகள் கரைத்துக் குடிக்கிற இனிப்புப் பொடி. சிவப்பு.

மெலிஃபாவின் காதருகே போய், வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். அவளும் பயந்துதான் போயிருந்தாள். ஆனால் தபேரா, வெறும் தண்ணீரின் மட்டம் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது, எல்லார் முன்னாலும் கரைப்போம், பிள்ளைகளே கரைக்கட்டும் என்றாள். அவள் ஊரில் அப்படித்தானாம். சரியாகத்தான் பட்டது. பிள்ளைகள் வாளியில் பொடியைக் கொட்டிக் கலக்கினார்கள், விரலைச் சூப்பினார்கள், ஒருவன் நாக்கை நீட்டிச் சிவப்புக் காட்டினான். பெரியவர்கள் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

இரண்டு கழி நட்டு, குழாயின் இரு முனையையும் கட்டி, பள்ளிக்கூடத்துச் சுவரிலிருந்து ஆரம்பித்தோம்; குழாயின் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். போன வெள்ளம் சுவரில் விட்டுப்போன கறையில் சிவப்பு வந்து நின்றது. அடுத்த கழிக்கு நகர்ந்தோம். பிறகு அதற்கடுத்தது. தெற்கே போகப் போக எங்களோடு வந்த கூட்டம் குறைந்தது. தோப்பின் நிழல் தெரிந்ததும் தாய்மார்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். தலைவர் ஒரு கரையான் புற்றோடு நின்றுவிட்டார். கடைசியில் நாங்கள் மூன்று பேர்தான், நீளமான குழாயோடு, அதில் வெயில் பட்டு மின்னுகிற சிவப்போடு.

எங்கோ ஒரு விசில் கேட்டது. பதிலுக்கு இன்னொன்று.

வயலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆற்றங்கரையிலிருந்து வந்தார்கள். காலையில் மரம் போட்டு மறித்து நின்றவர்களும் அதில் இருந்தார்கள். இவர்கள் யாரும் பிள்ளைகள் பொடி கரைத்ததைப் பார்த்தவர்கள் இல்லை. இவர்கள் பார்த்தது வேறு: இடுகாட்டு ஓரத்தில் ஒரு அந்நியப் பெண், கையில் குழாய், குழாய் நிறையச் சிவப்பு. காலையில் குழாயை முகர்ந்தவன் முன்னால் வந்தான்.

"காலைல இது காலியா இருந்துச்சு," என்றான். "இப்ப ரொம்பியிருக்கு."

மெலிஃபா சத்தமாக, நிதானமாக, இது இனிப்புத் தண்ணீர், தலைவர் முன்னால் கரைத்தது என்றாள். தலைவரைத் தேடினேன். புற்றடியில் ஆள் இல்லை. தபேராவுக்குச் சொற்கள் புரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். சிரித்தாள். பிறகு, நான் தடுப்பதற்குள், குழாயின் முனையை வாயில் வைத்து ஒரு மடக்கு உறிஞ்சி விழுங்கிவிட்டாள்.

நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். வேறெங்கே செய்திருந்தாலும் அத்தோடு முடிந்திருக்கும்.

கூட்டம் அப்படியே நின்றது. அவள் உதட்டிலிருந்து ஒரு சொட்டு மோவாயில் இறங்கியது. அவ்வளவு பேர் மூச்சை உள்ளே இழுத்த சத்தத்தை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். முதல் கல் மெலிஃபாவின் தோளில் பட்டது.

ஓட வழி ஒன்றுதான் இருந்தது. இருவர் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டுச் சரிவில் ஏறித் தோப்புக்குள் விழுந்தேன். முள் கிழித்தது. தபேராவின் செருப்பு ஒன்று போய்விட்டது. குழாயை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. பின்னால் காலடிச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால், மேட்டின் அடியில் கோடு கிழித்த மாதிரி நின்றிருந்தார்கள். ஒருவனும் ஏறவில்லை. கல் வந்தது, கத்தியோடு ஆள் வரவில்லை.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. மண் மேடுகள், அவற்றின்மேல் இறந்தவர்களின் பழைய தட்டு, ஓட்டை விழுந்த பானை, ஒரு குழந்தையின் டம்ளர். மார்ச் மாதத்து மேடுகள் ஒரு பக்கமாகச் சின்னச் சின்னதாய் இருந்தன. அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை. எங்கே நின்றாலும் யார்மேலாவது நிற்கிறோமோ என்று காலைத் தூக்கித் தூக்கி வைத்தேன். வெளியே இருப்பவர்களுக்குப் பயப்படுவதா, உள்ளே இருப்பவர்களுக்கா என்று தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு இங்கே வர எந்த உரிமையும் கிடையாது, பிணமாகக்கூட இல்லை.

தூரத்தில் கண்ணாடி உடைகிற சத்தம். அது என் வண்டி. பிறகு கருகிய ரப்பர் நாற்றம். மெலிஃபா ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுதாள். போனில் சிக்னல் இல்லை. தபேரா எனக்குப் புரிகிற எளிய இங்கிலீஷில், தப்புப் பண்ணிட்டேன் இல்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? குழாய்க்குள் தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூட்டம் கலையவில்லை. நெருப்பு வைத்து வெளியே விரட்டலாம் என்று ஒருவன் கத்தினான். இடுகாட்டுக்கா நெருப்பு வைப்பாய் என்று இன்னொருவன் அவனை அடிக்கப் போனான். அந்தச் சண்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். டோலியா எங்கே என்றும் தெரியவில்லை. ரத்தம் உறிஞ்சுகிறவனின் பெண்டாட்டி என்று அவள்மேல் கை வைத்துவிட்டால் என்ன செய்வேன்?

வெயில் சாய்கிற நேரத்தில் சருகு மிதிபடுகிற சத்தம். மேற்குப் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் ஐந்து ஆட்கள் வந்தார்கள். இடுப்பு வரை மண், தோளில் மண்வெட்டி. முன்னால் சைசி. பக்கத்து ஊர்க் குழியை மூடிவிட்டு நேரே வந்திருக்கிறான்.

"மச்சான்," என்றான், "பொண்ணு எடுத்த வீட்டுல திருடக் கூடாதுன்னு ஒங்க ஊர்ல சொல்லித் தரலயா?"

"நான் ஒண்ணும் திருடல."

"ஒன் பொண்டாட்டி வயித்தத் தூக்கிக்கிட்டு வாடகை சைக்கிள்ல வந்து சாவு வீட்டுல நிக்குறா, என் புருசனக் கொல்லப் போறாங்கன்னு. செத்த வீட்டுக்காரன் அழுகைய நிறுத்திட்டு அவளப் பாக்குறான். மானம் போச்சு."

அவள் உயிரோடு இருக்கிறாள். அங்கேயே குந்திவிட்டேன். சைசி தபேராவிடமிருந்து குழாயை வாங்கினான். முனையை நாக்கில் தொட்டுப் பார்த்தான்.

"சீனி கம்மி," என்றான்.

அவனோடு வந்தவர்களில் ஒருவன் மட்டும் சிரித்தான். பிறகு சைசி மெலிஃபாவிடம், இந்த அம்மா இதில் என்ன பார்த்தாள் என்று கேட்டான். தபேரா சொன்னாள், மெலிஃபா மூக்கை உறிஞ்சிக்கொண்டே மொழிபெயர்த்தாள். மார்ச் வெள்ளம் பள்ளிக்கூடத்துச் சுவரில் விட்ட கறையைவிட இந்த மேட்டின் விளிம்பு ஒரு ஆள் உயரத்துக்கு மேலே. உச்சி இன்னும் மேலே. ஊரில் வேறெந்த இடமும் இப்படி இல்லை.

"அது தெரியும்," என்றான் சைசி. "இது செத்தவங்க எடம். இதச் சொல்லத்தான் கடல் தாண்டி வந்தாளா?"

பேசக்கூடாதவன் பேசினேன். "மச்சான், பிப்ரவரில ஒன் தங்கச்சிக்குப் பிரசவம். தண்ணியும் அப்பத்தான் வரும். போன தடவ மாமரம். இந்த வாட்டி பச்சப்புள்ளயோட எங்க ஏறுவா?"

"நீ யாருடா இதக் கேக்க? இந்த மண்ணுல ஒனக்குக் குழி கூடக் கெடையாது."

"எனக்குக் கேக்கல. அவளுக்கு இங்க எடம் உண்டுல்ல? செத்தப்புறம் வர்ற எடத்துக்கு உசுரோட வந்தா என்ன?"

மண்வெட்டியால் அடிப்பான் என்று நினைத்தேன். அவன் அதைத் தரையில் ஊன்றி, அதன்மேல் சாய்ந்துகொண்டான்.

"உசுரோட இங்க ஒரு ராத்திரி தங்குனவன இந்தத் தரை மறக்காதுன்னு சொல்லி வச்சிருக்காங்க," என்றான். "ஊரையே கூட்டிக்கிட்டு ஏறுனா? அத்தன பேரையும் கூப்புட ஆரம்பிச்சா யாரு குழி வெட்டுறது? பொணம் தூக்குறவனுக்குப் பயம் இருக்காதுன்னு நெனச்சிட்டல்ல. எல்லாரவிடவும் எனக்குத்தான்டா பயம்."

மெலிஃபா இதையும் தபேராவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். தபேரா தலையாட்டினாள். எங்கள் ஊரில் வீட்டு முற்றத்திலேயே புதைப்போம், என் அப்பாவின் கல்லறை இப்போது கடலுக்குள் இருக்கிறது, அலை இறங்கும்போது தெரியும் என்றாள். சைசி அவளை அப்போதுதான் முழுசாகப் பார்த்தான். உங்கள் ஊர்க் குழிவெட்டி அதற்கு என்ன செய்கிறான் என்று கேட்டான். சிலரை எடுத்துக்கொண்டுபோய் வேறிடத்தில் புதைத்தோம், எல்லாரையும் முடியவில்லை என்றாள். சைசி உச்சுக்கொட்டினான். ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனுக்காக வருத்தப்படுகிற மாதிரி இருந்தது.

வெளியே மறுபடி கூச்சல். இந்தமுறை நெருப்பு வேண்டும் என்றவர்கள்தான் அதிகம். சைசி நிமிர்ந்தான்.

குழிவெட்டிகள் வேலை முடித்து வரும்போது வழியில் நிற்கிறவர்கள் உட்கார்ந்துவிட வேண்டும். வாய் திறக்கக் கூடாது. தலைவரானாலும் சரி, போலீஸானாலும் சரி. அது ஒன்றுதான் வழி என்றான். ஆனால் புதைக்காமலே புதைத்ததாகக் காட்டிக்கொண்டு வெளியே போனால், வெட்டாத அந்தக் குழி உயிருள்ள ஆளைக் கேட்கும். அதனால் குழி வெட்ட வேண்டும். உள்ளே எதையாவது போட வேண்டும்.

ஓரமாக ஓர் இடத்தில் வெட்டினார்கள். எனக்கும் ஒரு மண்வெட்டி தந்தான். குழாயைச் சுருட்டி உள்ளே இறக்கினான். முனையிலிருந்து சிவப்பு வழிந்து மண்ணில் ஊறியது; அதைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. மூடினோம். எங்கள் மூன்று பேர் முகத்திலும் கையிலும் சேற்றை அப்பினான். தபேராவின் முடியைத் துணியால் மூடினான். அவள் தோளில் ஒரு மண்வெட்டி.

"எழுதக் கூடாது," என்றான் அவளிடம். "இந்த எடத்த ஒங்க படத்துல எழுதக் கூடாது."

"ஊர் சொல்லாதத நான் எழுதமாட்டேன்," என்றாள் தபேரா. "ஆனா பள்ளிக்கூடம்னும் எழுத விடமாட்டேன். அங்க போனா சாவீங்க."

சைசி மண்வெட்டியைத் தோளில் வைத்தான். பாட ஆரம்பித்தான்.

மேட்டுச் சரிவில் இறங்கினோம். கத்திகளுக்கும் எங்களுக்கும் நடுவே ஐந்து மண்வெட்டிகளும் ஒரு பாட்டும்தான். எனக்குப் பாட்டின் சொல் தெரியாது, வாயை மட்டும் அசைத்தேன். முதல் வரிசையில் நின்றவன் உட்காரவில்லை. காலையில் குழாயை முகர்ந்தவன்தான் அவன். சைசி நிற்கவுமில்லை, விலகவுமில்லை. அவன் நெஞ்சுக்கு நேரே நடந்தான். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எல்லாரும் உட்கார்ந்தார்கள். தலை குனிந்த அந்தக் கூட்டத்துக்கு நடுவே நடந்தோம். மடியில் கத்தி இருந்தது. தபேராவின் செருப்பில்லாத காலில் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. சேற்றோடு சேர்ந்து அது யார் கண்ணிலும் படவில்லை. மெலிஃபா என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஆற்றுத் துறை வரைக்கும் பாட்டு நிற்கவில்லை. அங்கே ஒரு மீன்படகு எங்களை எடுத்துக்கொண்டது.

மறுநாளே தபேராவை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். போகுமுன் அவள் ஆபீசில் உட்கார்ந்து சண்டை போட்டதாக மெலிஃபா சொன்னாள். சிபூலாவின் பள்ளிக்கூடத்துப் புள்ளியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் வேறெங்கும் வைக்கவில்லை. இடத்தை ஊரே சொல்லட்டும் என்று காத்திருக்கிறது திட்டம். புள்ளி இல்லாத ஊருக்கு இந்த வருடம் கட்டடம் கிடையாது. எனக்கு எரிந்துபோன வண்டிக்குப் பதில் வேறு வண்டி தந்தார்கள். அதை நான் சிபூலா பக்கம் ஓட்டக்கூடாது, என் நல்லதுக்காகத்தான் என்றார்கள். டோலியாவைப் பார்க்க அவளே பெரிய சாலை வரைக்கும் நடந்து வர வேண்டியிருக்கிறது.

அவளையும் பிள்ளைகளையும் டவுனுக்கு அனுப்பும்படி சைசிக்கு ஆள் விட்டேன். தங்கச்சி பிரசவம் எங்கள் வீட்டில்தான் என்று பதில் வந்தது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு காலை டோலியா போன் செய்தாள். தாழ்ந்த குரல்.

"அண்ணன் ஆளுங்களோட சரிவுல படி வெட்டுதுங்க. தெக்கால, மேட்டுல."

எந்த மேடு என்று நான் கேட்கவில்லை. ஏனாம் என்று மட்டும் கேட்டேன்.

"பொணம் ஏத்தத்தான்னு சொல்லுது. ஊர்ல கேட்ட எல்லாருக்கும் அதான் பதில். ஆனா பொணம் தூக்குற ஆளுங்க பெரிய எட்டா வச்சு ஏறுவாங்க. இந்தப் படி ஒவ்வொண்ணும் ஒரு சாண் ஒசரங்கூட இல்ல, புள்ளைங்க காலுக்கு வெட்டுன மாதிரி இருக்கு. நம்ம தியாமிகே ஏறிப் பாத்துச்சு."

"அண்ணன் ஒண்ணும் சொல்லலயா?"

"கீழ நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. வெட்டுன வரைக்கும் ஏறுனதும் கீழ கூப்புட்டுருச்சு."

பெரியவர்கள் ஏறுகிறார்களா என்றேன். ஒருத்தரும் கிட்டே போவதில்லை என்றாள். பெண்கள் அந்தப் பக்கம் தண்ணீர் எடுக்கப் போவதையே நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் வந்தால் ஏறுவார்களா, மறுபடி பள்ளிக்கூடத்துக்கே ஓடுவார்களா, அவளுக்கே தெரியவில்லை. நீ ஏறுவாயா என்று கேட்டேன். போனில் கோழி கத்துவது கேட்டது.

"பயமா இருக்குங்க," என்றாள். "ஏறுவேன்."

எத்தனை படி முடிந்திருக்கிறது என்றேன். பாதி என்றாள். மண் இறுகிக் கிடக்கிறது, மெதுவாகத்தான் நடக்கிறது. முந்தின நாளிலிருந்து வடக்கே மேட்டு நாட்டில் மழை என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் எங்களுக்கு வந்து சேர எப்போதும் சில நாள் பிடிக்கும்.

"சீக்கிரம் வெட்டச் சொல்லு," என்றேன். மாப்பிள்ளை அப்படிச் சொல்லி அனுப்புகிற வழக்கம் கிடையாது. டோலியா அதைச் சுட்டிக்காட்டவில்லை.

"சொல்றேன்," என்றாள்.